நிச்சயமில்லாத நாட்களில் விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் தேயிலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அடுத்த மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்பது இந்த மாதம் தெரியாது. பசுந்தேயிலை விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். மழைக்காலம் வந்தால் மண்சரிவு பயம். படித்த பிள்ளை கோவையிலோ திருப்பூரிலோ வேலை தேடிக்கொண்டிருப்பான். இப்படிப்பட்ட வீடுகளில் விசுவாசம் தளர்வதற்குக் கஷ்டம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. கஷ்டம் வரும்போது நம் சபைகளில் வழக்கமாகச் சொல்வதும் செய்வதும் அந்தத் தளர்ச்சியைக் கூட்டுகின்றன. விசுவாசம் இருந்தால் நாளைக்கு நடக்கப்போவது தெரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பே பல தவறுகளுக்கு வேர். வேதம் அப்படி எங்கும் சொல்லவில்லை.

புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் தரும் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், குல்லாவும் ஸ்வெட்டருமாக வரிசையில் நின்று, குளிரில் மரத்த விரல்களால் ஆளுக்கு ஓர் அட்டையை உருவி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பி வாசிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அது காலண்டருக்குப் பக்கத்தில் ஏறிவிடும். நல்ல வழக்கம்தான். அந்த வசனத்தை அவ்வருடத்துக்கான எழுத்துப்பூர்வ உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. மார்ச்சில் வேலை போய்விட்டால், கர்த்தர் சொன்ன வார்த்தை பொய்த்ததோ என்று மனம் உடைகிறது.

அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐ அந்த அதிகாரம் முழுவதோடும் வாசிக்க வேண்டும். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டுபோனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நாள் குறித்துச் சொல்கிறான். கேட்பவர்களுக்கு இனிக்கும் செய்தி. ஆனால் அது பொய் என்று கர்த்தர் தீர்க்கிறார். எரேமியாவின் கடிதமோ 70 வருடம் என்கிறது. அதைப் படித்தவர்களில் பலர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், இருக்கிற ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் கர்த்தர். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற 11-ஆம் வசனத்தின் வார்த்தை அதன் பிறகுதான் வருகிறது.

இந்த மலையில் அதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் இங்கே தொடங்கியது. பிறந்த மண்ணைவிட்டு, பார்த்தேயிராத 'சொந்த நாட்டுக்கு' வந்து, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கீரைப் பாத்தி போட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போன பெரியவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். வேதத்தை நம்பிய அப்படிப்பட்ட ஒரு பாட்டியிடம் எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பிரசங்கியாரையும்விட நன்றாக அவர் விளக்குவார். அடுத்த மாதத்துக்குள் விசா வரும், வேலை வரும் என்று தேதியோடு தரிசனம் சொல்பவரைத் தேடிப் போகிறவர்கள், அனனியாவின் கதையை ஒரு தரமாவது படித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த தவறு எனக்கு மிகுந்த வேதனை தருவது. பாதிக்கப்பட்டவரிடமே காரணம் தேடுவது. 2009 நவம்பரில் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படிப்பட்ட சாவு வீட்டின் முற்றத்தில் நின்றுகொண்டு, 'ஏதோ பாவம் இருந்திருக்கும்', 'ஜெபம் குறைந்துவிட்டது' என்று முணுமுணுக்கும் வாய்கள் எங்கும் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்று பதிலும் சொல்லிவிட்டார் (லூக்கா 13). பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கர்த்தரின் கோபத்துக்கு ஆளானார்கள்.

துக்கத்தை மறைப்பதும் விசுவாசமல்ல. எப்படியிருக்கிறீர்கள் என்றால் 'ஸ்தோத்திரம், நல்லா இருக்கோம்' என்று சொல்லிவிட்டு, இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர்கள் அதிகம். சங்கீதம் 13 'எதுவரைக்கும்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. இரண்டும் ஜெபங்கள்தான். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். ஆகவே தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், உயிர்மேல் வெறுப்பு வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். விசுவாசத்தைக் காட்ட மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. அப்படிச் செய்யச் சொல்பவர் யாராயிருந்தாலும் கேட்காதீர்கள்.

கர்த்தருக்கு நேர்ந்துகொள்ளும் பொருத்தனையைப் பேரமாக்குவதையும் விட்டுவிட வேண்டும். 'இதை முடித்துக்கொடும், அதைத் தருகிறேன்' என்று தகப்பனிடம் பேசுகிற பிள்ளையை நாம் விரும்புவோமா?

கடைசியாக, பணம் இல்லாத வெட்கத்தில் ஆலயத்துக்குப் போகாமல் இருப்பது. அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய்க்கு ஆளாளுக்கு ஏலம் கேட்கும்போது, வேலையிழந்தவர் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் வரமாட்டார். பிறகு மாதக்கணக்கில் வரமாட்டார். சபையில் 'பின்மாற்றம்', அதாவது விசுவாசத்தைவிட்டு விலகிவிட்டார் என்று பேச்சு கிளம்பும். காணிக்கைப் பை வரும்போது வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. யாருக்காகவும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அப்படி நின்றுபோன குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அறிவுரை எதுவும் சொல்லாமல், வரும் ஞாயிறு காலை எட்டு மணி பஸ்ஸுக்கு உங்களோடு சேர்ந்து கிளம்பச் சொல்லிக் கூப்பிடுங்கள்.