திருகோணமலையிலிருந்து சிவனொளிபாதமலைக்கு: இன்றும் என் கண்முன் நடக்கும் தவறுகள்

பொங்கல் கழிந்த கிழமை, சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் பஸ்ஸால் இறங்கினேன். பின்னால் வந்த வானிலிருந்து ஆறு பொடியன்கள் குதித்தார்கள். பேச்சைக் கேட்டதுமே எங்கட ஊர்ப் பிள்ளைகள் என்று தெரிந்தது, உப்புவெளிப் பக்கம். நேரம் இரவு ஒன்பதரை. ஆறு பேரும் தடித்த சுவெற்றரைப் போட்டுக்கொண்டு அப்படியே படிப் பக்கம் நடக்க வெளிக்கிட்டார்கள்.

"இப்பவே ஏறப்போறீங்களா தம்பி?"

"ஓம் அண்ணை. முந்திப் போனால்தானே சூரியன் உதிக்கிறதைப் பார்க்க முன்னுக்கு இடம் பிடிக்கலாம்."

பதினைந்து வருடத்துக்கு முன்னால், அதே இடத்தில் நின்று அதே சொல்லைச் சொன்னவன் நான். மறித்துச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் நின்றார்கள், நாலு பேர் போய்விட்டார்கள். அந்த நாலு பேரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ரோச் கொண்டுபோ, தண்ணீர் கொண்டுபோ என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கட கோடையை அந்த மலைக்கும் கோடை என்று நினைப்பது

மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்குக் கச்சான் காற்று வீசுகிற காலம். நிலாவெளி மணல் காலைச் சுடும், கிணறுகள் இறங்கும், வானத்தில் ஒரு முகில் இருக்காது. ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையும் வந்துவிட்டால், "நல்ல வெயில்தானே, மலைக்குப் போவம்" என்று ஒரு கூட்டம் கிளம்பும்.

எங்களைக் காயவைக்கிற அதே தென்மேற்குக் காற்றுத்தான், வரும் வழியில் தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி எங்களிடம் இறங்குகிறது. கொட்டுகிற இடத்தில்தான் சிவனொளிபாதமலை நிற்கிறது. எங்கட கோடை அதற்கு அடைமழைக் காலம். யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. அதற்குப் பிறகு வழி விளக்கு எரியாது, கடைகள் பூட்டிக் கிடக்கும், படியில் தண்ணீர் ஓடும், காலில் அட்டை ஏறும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தை மாதம் வாடையும் மழையுமாக எங்கட ஊர் நனைந்து கிடக்கும்போது, "இந்த மாரியில மலையோ?" என்று வீட்டில் மறிப்பார்கள். அந்த மலைக்கு நல்ல காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

ஓகஸ்டில்தான் போகமுடியும் என்றால் இரவில் ஏறாதீர்கள். விடிந்த பிறகு ஏறுங்கள். முகில் மூடி மழை பிடித்தால் பாதியில் திரும்புங்கள்.

வியர்த்த உடுப்போடு உச்சியில் விடியக் காத்திருப்பது

என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாத தவறு இது.

நாங்கள் கடல்மட்டத்து ஆட்கள். குளிர் என்றால் எங்களுக்கு மார்கழி மழையில் போர்வையை இழுத்து மூடுகிற குளிர். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஆகவே எங்கட கடற்கரையில் 24 பாகையாக இருக்கிற இரவில், உச்சியில் பத்துப் பாகை அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் காற்று. உச்சி ஒடுங்கிய இடம், எந்தப் பக்கத்துக் காற்றும் தடையில்லாமல் வந்து அடிக்கும்.

அந்த வருடம் நாங்கள் ஐந்து பேர். பத்து மணிக்கு ஏறத் தொடங்கி ஒன்றரைக்கு உச்சிக்குப் போய்விட்டோம். பஸ்ஸால் இறங்கியபோது குளிர்ந்ததால் சுவெற்றரைப் போட்டுக்கொண்டே ஏறினோம். உள்ளே பருத்தி ரீ சேர்ட். இரண்டும் பிழியலாம் போல் நனைந்திருந்தன. மாற்ற வேறு உடுப்பு ஒருவரிடமும் இல்லை. சூரியன் வர ஐந்து மணித்தியாலம் கிடந்தது.

முதல் அரை மணித்தியாலம் பகிடி விட்டுக்கொண்டிருந்தோம். பிறகு பல் கிட்டத் தொடங்கியது. மூன்று மணிபோல என் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டான். ஏதாவது கேட்டால் குழறினான். போத்தல் மூடியைத் திறக்க விரல் மடியவில்லை. கொஞ்சம் போக அவனுடைய நடுக்கம் நின்றது. குளிர் பழகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பக்கத்தில் போர்வை சுற்றியிருந்த தோட்டத்து அம்மா ஒருவர் அவனைப் பார்த்தார். எங்களைக் கேட்காமலே அவனுடைய ஈர உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் போர்வையால் சுற்றினார். "ஒடனே கீழ கொண்டு போங்க" என்றார். தாங்கிப் பிடித்து, காற்றுப் படாத முதல் தேநீர்க் கடைக்கு இறக்கினோம். அடுப்படியில் இருத்தி, அவன் விழுங்கக்கூடிய நிலைக்கு வந்தபிறகு சீனி போட்ட பிளேன்ரீயைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். அவன் மறுபடியும் நடுங்கத் தொடங்கியபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. சூரியன் உதித்ததை நாங்கள் பார்க்கவில்லை.

ஈர உடுப்பு உடல் சூட்டைக் காய்ந்த உடுப்பைவிடப் பலமடங்கு வேகமாக இழுத்துவிடும். நடுங்குவது உடல் தன்னைச் சூடாக்க எடுக்கும் முயற்சி. சூடேறாமலே நடுக்கம் நின்றால் அது ஆபத்து. பேச்சுக் குழறுவதும் விரல் சொல்வழி கேளாததும் அதற்கு முன்னால் வருகிற அறிகுறிகள். இந்த மூன்றில் எதைக் கண்டாலும் இறக்குங்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவில்லை. சுவெற்றரைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு ஏறுங்கள். தொடங்கும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். மாற்று ரீ சேர்ட்டையும் காலுறையையும் பொலித்தீன் பைக்குள் கட்டி வையுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே உள்ள கடையில் நின்று, ஈரத்தைக் கழற்றி, துடைத்து, காய்ந்ததைப் போட்டு அதற்கு மேல் சுவெற்றரைப் போடுங்கள். மேலே சப்பாத்தையும் கழற்றவேண்டும், கல் பனிக்கட்டி போலிருக்கும், காய்ந்த காலுறையின் அருமை அப்போது விளங்கும்.

நேரத்தையும் மாற்றுங்கள். சாதாரணமாக நடக்கிறவருக்கு மூன்று, நாலு மணித்தியாலம் போதும். நெருக்கடி இல்லாத நாளில் இரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் விடியலுக்குச் சரி. போயாவிலும் சனி, ஞாயிறிலும் வரிசை நிற்கும், முந்தித்தான் ஏறவேண்டும். வேளைக்கே ஏறிவிட்டால் மிச்ச நேரத்தைக் கடைகளில் கழியுங்கள், உச்சியில் வேண்டாம்.

வரிசையை முந்தக் கைபிடிக்கு வெளியே ஏறுவது

கடைசிப் பகுதியில் படி செங்குத்தாகி வரிசை நின்றுவிடும். அந்த நேரம் பொடியன்கள் கைபிடிக் கம்பியைத் தாண்டி, பாறையையும் பற்றையையும் பிடித்து ஏறுவார்கள். மொரோக்கோப் பயணி இபின் பதூதா 1344இல் இந்த மலைக்கு வந்தபோது பாறையில் பொருத்திய இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறும் இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சங்கிலி இல்லாமல் அந்தப் பாறையில் கை வைக்கலாகாது என்று அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருக்கிறது. அங்கே பாறையில் பாசி, பாசியில் பனி ஈரம். ஏறும்போது கண் கைக்கு நேரே இருப்பதால் பிடி தெரியும். திரும்பி இறங்கும்போது கால் எங்கே போகிறதென்று தெரியாது. விழுகிறவர் தனியே விழமாட்டார், கீழே வரிசையில் குழந்தைகள் நிற்கிறார்கள்.

புதுச் சப்பாத்து

வேண்டாம்.

கிழக்கை மட்டும் பார்ப்பது

சூரியன் வந்ததும் மேற்குப் பக்கம் போங்கள். மலையின் நிழல் முக்கோணமாக முகிலில் விழுந்திருக்கும். சில நிமிடங்கள்தான்.

இறக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

நல்லதண்ணிப் பாதையில் ஏறத்தாழ 5,500 படி என்பார்கள். ஏறியதெல்லாம் இறங்கவும் வேண்டும். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம் தொடையையும் முழங்காலையும் வாங்கும். ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தாங்குகிறது. அந்த வேலைக்குப் பழகாத தசை இரண்டாம் நாள் கதிரையில் இருந்து எழும்பவிடாது.

எங்கட ஊர் தட்டை நிலம், கடற்கரையில் எவ்வளவு நடந்தாலும் இதற்குப் பயிற்சியாகாது. போவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னிருந்தே கிழமைக்கு மூன்று நாள், கோட்டை வாசலிலிருந்து கோணேஸ்வரத்துக்கு ஏறி இறங்குங்கள். பிறகு வீட்டு மாடிப்படியில் இறங்குவதை மட்டும் மெதுவாகப் பழகுங்கள், முழங்காலைச் சற்று மடித்து, பாதம் முழுவதையும் படியில் வைத்து. மலையில் வலிக்கிற காலுக்குக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டாக இறங்குவது நல்லது. இறங்கியதும் அப்படியே பஸ்ஸில் சுருண்டு படுக்காமல், கண்டியிலும் தம்புள்ளையிலும் இறங்கி ஐந்து நிமிடமாவது நடவுங்கள்.