வடசென்னையில் பழைய கார் வாங்குமுன்: உப்புக்காற்றையும் மழைநீரையும் தாங்கும் வண்டி எது?

ஊருக்கு மூன்று வாரம் மட்டும் வருகிறீர்கள் என்றால் கார் வாங்கவே வேண்டாம். டிரைவரோடு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் மலிவு. வருஷத்துக்கு இரண்டு மாதமாவது வந்து தங்குகிறவர்களுக்கும், வயதான அப்பா அம்மாவைத் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். எனக்கு டொரொண்டோவில் வேலை, அம்மா பழைய வண்ணாரப்பேட்டையில். இதுவரை இரண்டு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருக்கிறேன். முதலாவது என்னைக் கண்ணீர் விட வைத்தது.

எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வடசென்னையில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலின்போது இந்த வண்டி எங்கே நின்றது என்பதுதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர், மணலி பக்கமெல்லாம் தெருவில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளும் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரத்தான் செய்கின்றன.

என் முதல் கார் அப்படிப்பட்டதுதான். 2015 வெள்ளம் வடிந்த கையோடு, 2016 ஜனவரியில் வாங்கினேன். பளபளவென்று இருந்தது, உள்ளே நல்ல வாசனை. மூன்றாவது வாரம் பவர் விண்டோ நின்றது. அப்புறம் ஏ.சி. அப்புறம் ஒருநாள் அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன வழியில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் யூனிட்டில் ஈரம். விற்றவர் போனை எடுக்கவில்லை.

இரண்டாவது காரைப் பார்க்க எங்கள் தெரு மெக்கானிக் தம்பியை உடன் அழைத்துப் போனேன். பானெட்டைத் திறக்கும் முன்பே அவர் பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தார். "அண்ணா, இங்க பாருங்க" என்றார். பெல்ட்டின் கடைசி ஒரு ஜாணில் மட்டும் டீக்கறை மாதிரி ஒரு கோடு. சுருண்டு உள்ளே இருக்கும் அந்தப் பகுதியை யாரும் கழுவுவதில்லை. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அடுத்து பார்த்த வண்டியில் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அடியில் உள்ள குழியை விரலால் தடவினார். கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளப்பி முகர்ந்தார். ஃப்யூஸ் பாக்ஸில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்தார். கால் மணி நேரம்தான். மெக்கானிக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

உப்புக்காற்று இன்னொரு கதை. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் வரை கடலோரத்தில் பல வருஷம் வெளியில் நின்ற வண்டிக்கு மேலே பெயின்ட் நன்றாக இருந்தாலும் அடியில் துரு இருக்கும். ஒரு பழைய பேப்பரை விரித்துப் படுத்து அடியைப் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பு, சைலன்சர், பிரேக் பைப், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள். சைலன்சர் போனால் மாற்றிக்கொள்ளலாம். பாடியிலேயே ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் செலவுக்கு முடிவே இல்லை.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

இரண்டு பெரியவர்கள் மட்டும் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் என் ஓட்டு பெட்ரோல் வேகன்-ஆருக்குத்தான். சீட் உயரம் சரியாக இருப்பதால் முட்டிவலி உள்ளவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் திரும்பும். எந்தத் தெரு மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ10 இரண்டும் இதே வரிசைதான். ஐ10 உள்ளே கொஞ்சம் சொகுசு, உதிரி பாகம் மாருதியைவிடச் சற்று விலை கூடுதல். ஹோண்டா சிட்டி எஞ்சின் பல வருஷம் தொல்லை தராது, ஆனால் வண்டி தாழ்வு. நம் பக்கத்து வேகத்தடையிலும் மழைக்காலப் பள்ளத்திலும் அடி தட்டும்.

பிள்ளைகளோடு ஐந்தாறு பேராக வந்து சிறுவாபுரி, திருத்தணி, பழவேற்காடு என்று சுற்றுகிற குடும்பத்துக்கு எர்டிகா போதும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஏழு சீட்டும் நிறைந்தால் பின்னால் 23 கிலோ பெட்டி ஒன்றை வைப்பதே சிரமம். விமான நிலையத்துக்கு வேறு வண்டியும் வேண்டும். இன்னோவா இடவசதியிலும் உழைப்பிலும் மேல்தான், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகூடத் தெம்பாக இருக்கும். ஆனால் பழைய வண்டிக்கே விலை இறங்குவதில்லை. 2016க்கு முந்தைய 2.5 லிட்டர் டீசலில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். அது அறுந்தால் எஞ்சின் வேலைதான்.

ஃபோர்டு 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. செவ்ரோலே 2017 முடிவோடு விற்பனையை நிறுத்தியது. அதனால் இரண்டும் சல்லிசாகக் கிடைக்கும். பக்கத்தில் மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை இருந்ததால் அந்த வண்டி தெரிந்த மெக்கானிக்குகள் சென்னையில் உண்டு. பக்கத்தில் இருந்து அலைந்து பாகம் தேட ஆள் இருந்தால் வாங்கலாம். கடல் கடந்து இருந்துகொண்டு வேண்டாம்.

டீசலா பெட்ரோலா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பெட்ரோல்தான். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீள ஓட வேண்டும். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போகிற வண்டியில் அடைத்துக்கொள்ளும்.

செலவுக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது இன்சூரன்ஸ். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் (தேர்ட் பார்ட்டி) பிரீமியம், வரி நீங்கலாக, 1000 சி.சி. வரை வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஆக 1.0 லிட்டர் வேகன்-ஆருக்கும் இன்னோவாவுக்கும் இதிலேயே கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். சின்ன பெட்ரோல் காருக்குத் தெரு மெக்கானிக்கிடம் வருஷ சர்வீஸ் ஐந்தாறாயிரம், பேட்டரி நாலைந்தாயிரம், நான்கு டயரும் மாற்றினால் பதினாறாயிரம் சுமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருஷம் ஆகியிருந்தால் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

மழைக்காலத்துக்கு எஞ்சின் பாதுகாப்புக் காப்பீட்டையும் சேர்த்து எடுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

டிசையர், எடியோஸ் பார்க்கும்போது அது டி-போர்டாக (வாடகை டாக்ஸியாக) ஓடி ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றிய வண்டியா என்று ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பாருங்கள். மீட்டரில் ஐம்பதாயிரம் என்று இருந்து, பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். கடன் பாக்கி இருந்த வண்டியென்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 வேண்டும், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புரோக்கர் "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்பார். மாற்றிவிட்டே ஃபிளைட் ஏறுங்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அதே பெயரில் இன்சூரன்ஸும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும். சொந்த கார் பதிவு 15 வருஷத்துக்குத்தான், அதற்குப் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 5,000 ஆனது. பதினான்கு வயசு வண்டியை மலிவு என்று பார்க்கும்போது இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் திரும்பிப் போன பிறகுதான் காருக்குக் கஷ்டகாலம். ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்ட வண்டிகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், உப்பு ஈரம் உள்ளேயே தங்கித் துருவேறும். காற்றோடும் துணிக் கவர் போதும். எலி ஒயரைக் கடிக்கும், வாரம் ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும். நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுத்து, வாரத்தில் அரை மணி நேரம் மாதவரம் வரை போய் வரச் சொல்லுங்கள், ஏ.சி.யும் போட்டு. அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் கிளம்புகிற அன்று பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, டயரில் காற்றை நிரப்பி, ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுப் போங்கள். ஈரத்தில் நாள்கணக்காக ஹேண்ட் பிரேக் போட்டு நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.