லைனில் பேசும் விதம்: புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 16 வருடம் ஆகிறது எனக்கு. ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) டெய்லராக வந்து, இப்போது ஒரு லைனை, அதாவது ஒரு வரிசைத் தையல் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

சூப்பர்வைசர் ஆன இரண்டாவது மாதம் நடந்தது இது. எம் சைஸ் பண்டலில் எல் லேபிள் வருவதை, லேபிள் வைக்கும் அக்கா காலையிலேயே பார்த்துவிட்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் செக்கிங்கில் தெரிந்தபோது 600 பீஸ் பிரிக்க வேண்டியதாயிற்று. ஏன்க்கா சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அதுக்கும் திட்டுவீங்கன்னு நெனச்சேனுங்க" என்றார். முந்தின நாள் கழுத்து ரிப் (கழுத்தில் வைக்கும் பட்டி) கோணலாகிவிட்டது என்று லைன் நடுவில் வைத்து அவரைச் சத்தம் போட்டிருந்தேன். அந்த 600 பீஸுக்கும் நான்தான் காரணம்.

அதனால் முதலில் இதைப் பழகுங்கள். தையல் தப்பாக வந்தால் தூரத்தில் இருந்து கத்தாதீர்கள். மெஷின் பக்கத்தில் போய்க் குனிந்து, "நூல் அறுகுதுங்களா, ஊசி மாத்தணுமா?" என்று கேளுங்கள். நுனி கெட்ட ஊசி பின்னல் துணியில் ஓட்டை போடும். அதற்கு டெய்லரைத் திட்டி என்ன பயன்? கைப்பிசகுதான் என்றாலும் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். தப்பைத் தானாக வந்து சொன்னவரை அன்றைக்குத் திட்டவே கூடாது.

காலையில் மெஷின் போடும் முன் ஐந்து நிமிடம் போதும். என்ன ஸ்டைல், எத்தனை பீஸ், பையர் (சரக்கு வாங்குகிறவர்) எந்த இடத்தை உற்றுப் பார்ப்பார் என்று சாம்பிளைக் கையில் வைத்துச் சொல்லுங்கள். டெய்லருக்குக் கூடமாட உதவும் கைமடிக்கும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

ஒடிசாப் பெண்கள் இருந்தால், தமிழ் தெரிந்த ஒருத்தியை வைத்தே எல்லாம் பேசாதீர்கள். கொஞ்ச நாளில் அவள் சொல்வதுதான் அங்கே சட்டம் என்றாகிவிடும். நான் "கண ஹெலா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். என்னாச்சு என்று அர்த்தம். அப்புறம் சாம்பிளைக் காட்டினால் மிச்சம் புரிந்துவிடும். இன்னொன்று. 2013ஆம் வருடச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் புகார் குழு இருக்க வேண்டும், அதற்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். தமிழில் ஒட்டிய நோட்டீஸ் அந்தப் பிள்ளைகளுக்கு உதவாது. குழுவில் இருப்பவர்களை முதல் நாளே நேரில் காட்டிவிடுங்கள்.

ஃபேன் ஓடவில்லை, பாத்ரூமில் தண்ணீர் இல்லை என்று வந்தால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள். நாளைக்குத்தான் ஆகும் என்பதும் பதில்தான்.

கடைசியாக, ஒன்றரை ஷிப்ட், அதாவது ஒரு ஷிப்ட் முடிந்த பிறகும் அரை ஷிப்ட் சேர்த்து வேலை பார்ப்பது. இதில்தான் நல்ல டெய்லர்களை இழக்கிறோம். ஷிப்மென்ட் நெருக்கடி காலையிலேயே நமக்குத் தெரியும். ஐந்தரைக்குக் கிளம்பும் நேரத்தில் "எட்டரை வரைக்கும் இருங்க" என்றால், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை வாசலில் உட்கார்ந்திருக்கும். அந்த அம்மா அன்றைக்கு இருப்பார், அடுத்த வாரம் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன் கேட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொள்வார். கேளுங்கள், உத்தரவு போடாதீர்கள். முடியாது என்று சொன்னால் காரணம் கேட்டுக் குடையாமல், சரிங்கக்கா என்று அடுத்த மெஷினுக்குப் போங்கள்.