ஸ்கேன் ரிப்போர்ட்டில் சொல்லின் வாலைப் பாருங்கள்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா பக்கம் வசிக்கும் நம் தமிழர்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் இந்தியிலோ மராத்தியிலோதான் விளக்குவார். கையில் கிடைக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டோ ஆங்கிலத்தில் இருக்கும். அதிலுள்ள நீண்ட சொற்களின் முடிவை முதலில் கவனியுங்கள். ‘ஐட்டிஸ்’ என முடிந்தால் அழற்சி, ‘மெகலி’ என்றால் உறுப்பு பெரிதாகியுள்ளது, ‘லித்தியாசிஸ்’ என்றால் கல். எந்த உறுப்பு என்பதை முன்பகுதி சொல்லிவிடும்: ‘ஹெபட்’ கல்லீரல், ‘நெஃப்ரோ’ சிறுநீரகம், ‘கோலிசிஸ்ட்’ பித்தப்பை. ஆகவே ‘கோலிசிஸ்டைட்டிஸ்’ என்பது பித்தப்பை அழற்சி. அதே சொல் ‘எக்டமி’ என முடிந்தால் பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை. பலரையும் கலங்கடிக்கும் ‘லீஷன்’ என்பது, திசுவில் தென்படும் இயல்பற்ற மாற்றம் எதற்கும் வழங்கும் பொதுப்பெயரே தவிர, அதைக் கண்டவுடன் புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ‘அன்ரிமார்க்கபிள்’ என்றிருந்தால், குறிப்பிடும்படியான கோளாறு எதுவும் அங்கே தென்படவில்லை.