எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு, மருந்தைப் பற்றி

ஆஸ்திரேலியாவுக்கு வந்து சில மாதங்களே ஆனவர்களும், அப்பா அம்மாவை இங்கே அழைத்து வந்திருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு இன்று இரவே ஒரு காரியத்தை முடித்துவிடுங்கள்: மருந்து ஒவ்வாமை இருந்தால், அது டாக்டருக்குத் தெரியும் இடத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். போன குளிர்காலத்தில் என் அம்மா ஒரே ஒரு மாத்திரையால் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதில் என் தவறு பெரிது. அதனால்தான் எழுதுகிறேன்.

வழக்கமான வேலைகளை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிரந்தர விசாவில் வந்திருந்தால் மெடிகேரில், அதாவது அரசின் மருத்துவக் காப்பீட்டில், பதியுங்கள். அரசுச் சேவைகளுக்கான மைகவ் இணையக் கணக்கு திறந்து, அதில் மெடிகேரையும், நம் மருத்துவ விவரங்களை இணையத்தில் வைக்கும் மை ஹெல்த் ரெக்கார்டையும் இணையுங்கள். 2019 முதல், வேண்டாம் என்று சொல்லாதவர்களுக்கு இந்த ரெக்கார்ட் தானாகவே உருவாகிறது. மாணவர் விசாவிலும் தற்காலிக வேலை விசாவிலும் வரும் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் மெடிகேர் கிடைக்காது. ஆஸ்திரேலியாவோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் உள்ள 11 நாடுகளில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. மெடிகேர் இல்லாதவர்கள் ஐ.எச்.ஐ. எனப்படும் 16 இலக்க மருத்துவ அடையாள எண்ணுக்குத் தனியாக விண்ணப்பித்து, அதை வைத்து ரெக்கார்ட் திறக்கலாம். இந்தியாவில் எடுத்த 14 இலக்க ஆபா மருத்துவ அடையாள எண் இங்கே எதனோடும் இணையாது.

அப்புறம் போன் நம்பர். வந்த புதிதில் மலிவாகக் கிடைக்கிறதென்று மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவோம். அதைச் செய்யாதீர்கள். இங்கே மருந்துச் சீட்டே பெரும்பாலும் எஸ்.எம்.எஸ்.ஸில்தான் வருகிறது. 2020-இல் கொரோனா வந்தபோது வேகமாகப் பரவிய ஏற்பாடு இது. டாக்டர் எழுதிய ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிச் செய்தி வரும். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால் க்யூ.ஆர். கோடு தெரியும். அதைத்தான் டோக்கன் என்கிறார்கள். எந்த மருந்துக்கடையிலும் காட்டி மருந்து வாங்கலாம். நீங்கள் போக முடியாவிட்டால் வீட்டில் ஒருவருக்கு அந்தச் செய்தியை அனுப்பிவிட்டால் போதும், அவர் வாங்கி வந்துவிடலாம். அதே காரணத்தால், தவறான நம்பருக்குப் போனால் அது யாரோ ஒருவர் கையில் இருக்கும் உங்கள் சீட்டு.

ஒரு முறை வாங்கியதும் அந்த டோக்கன் முடிந்துவிடும். மீண்டும் வாங்க டாக்டர் அனுமதித்திருந்தால் அடுத்த முறைக்குப் புதிய டோக்கன் வரும். இது தெரியாமல் பழைய செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புதியதை அழித்துவிடுகிறார்கள். ஊரில் காலி மாத்திரை அட்டையைக் காட்டினாலே மெடிக்கல் ஷாப்பில் அடுத்த அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சீட்டு இருந்தால்தான் கிடைக்கும் மருந்துகளுக்கு இங்கே அந்தப் பேச்சே இல்லை. தினமும் நாலைந்து மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மருந்துக்கடையில் அடையாள அட்டையைக் காட்டி 'ஆக்டிவ் ஸ்கிரிப்ட் லிஸ்ட்'டில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களுடைய சீட்டுகள் ஒரே பட்டியலாக அங்கே தெரியும், டோக்கனைத் தேட வேண்டியதில்லை. போனே கையாள வராதவர்களுக்குக் காகிதச் சீட்டு கேட்டு வாங்கலாம். அது அவர்கள் உரிமை.

இன்னொன்று. 2021 பிப்ரவரியிலிருந்து சீட்டில் பெரும்பாலும் பிராண்ட் பெயரை அல்ல, மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைத்தான் எழுதுகிறார்கள். ஊரில் நாம் பிராண்ட் பெயரால் அறிந்த அதே மாத்திரை இங்கே வேறு பெயரில் வரும். பெட்டியில் கொண்டுவந்ததையும் இங்கே வாங்கியதையும் சேர்த்து விழுங்கிவிட வாய்ப்பு அதிகம். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, நடந்ததற்கு வருகிறேன்.

அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. நான் பள்ளியில் படிக்கும்போதே அது தெரிந்துவிட்டது. எங்கள் குடும்ப டாக்டர் அம்மாவின் நோட்டில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் பெரிதாக எழுதி, இரண்டு கோடும் போட்டிருந்தார். எந்த டாக்டரிடம் போனாலும் அம்மா அந்த நோட்டை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போவார். விமானம் ஏறும் முன் அந்தப் பையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தது நான்தான். "அங்கே எல்லாமே கம்ப்யூட்டரில் இருக்கும்மா, இது எதுக்கு?" என்று சொன்னேன்.

வந்ததும் ரெக்கார்டைத் திறந்து, அம்மாவின் ஒவ்வாமையைப் பொறுப்பாகத் தட்டச்சு செய்தேன். மனநிறைவோடு தூங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல், இருமல். போனில் பேசும் டாக்டர் சேவையை அழைத்தோம். ஒவ்வாமை ஏதும் உண்டா என்று அவர் கேட்டார். "எல்லாவற்றையும் மை ஹெல்த் ரெக்கார்டில் போட்டிருக்கிறேன், பாருங்கள்" என்றேன். பென்சிலின் என்ற ஒரு சொல்லை நான் வாயால் சொல்லவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் டோக்கன் வந்தது. மருந்துக்கடைக்காரரும் ஒவ்வாமை பற்றிக் கேட்டபோது, டாக்டர் பார்த்துவிட்டார் என்றேன். வாங்கி வந்தது அமாக்சிசிலின். அதுவும் பென்சிலின் வகைதான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, அம்மாவுக்கு மூச்சுவிடவே சிரமமாகிவிட்டது. அவசர உதவி எண்ணான 000-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாம் அதுலயே இருக்குன்னு சொன்னியே?"

அம்மா பிழைத்துக்கொண்டார். பின்னால், ரெக்கார்டை யார் யார் திறந்தார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தேன். அந்தச் சேவை திறந்துதான் பார்த்திருக்கிறது. நான் எழுதியது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

காரணம் இதுதான். நாமே எழுதுவதற்கு அதில் இரண்டு இடங்கள் உண்டு. 'பர்சனல் ஹெல்த் நோட்ஸ்' என்பது நமக்கு மட்டுமான நாட்குறிப்பு, டாக்டர்களுக்குத் தெரியாது. 'பர்சனல் ஹெல்த் சம்மரி' என்பதில் எழுதும் மருந்துகளும் ஒவ்வாமையும்தான் அவர்களுக்குத் தெரியும். நான் நோட்ஸில் எழுதியிருந்தேன். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். உயிர் போகிற விஷயத்தை இவ்வளவு ஒத்த பெயர்களுக்கு நடுவே வைத்திருப்பது எனக்கு இன்றும் ஆத்திரமாக இருக்கிறது.

அது மட்டுமல்ல. வழக்கமாகப் போகும் கிளினிக்கில் முதல் நாளே பென்சிலின் விஷயத்தைச் சொல்லியிருந்தோம், அவர்களும் பதிந்திருந்தார்கள். ஆனால் அது அந்தக் கிளினிக்கின் சொந்த மென்பொருளில் இருந்தது. கிளினிக்கின் கம்ப்யூட்டர் வேறு, டோக்கன் போகும் வழி வேறு, மை ஹெல்த் ரெக்கார்ட் வேறு. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பக் கூடாது. வழக்கமான டாக்டர் 'ஷேர்டு ஹெல்த் சம்மரி' என்ற சுருக்கத்தைத் தயாரித்து ஏற்றினால்தான் அது ரெக்கார்டில் வரும். கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை. முதல் சந்திப்பிலேயே அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து, ஏறியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பெற்றோரின் ரெக்கார்டைப் பார்க்க, அவர்கள் உங்களைத் தங்கள் பிரதிநிதியாக நியமிக்கலாம். சந்தேகம் இருந்தால் மை ஹெல்த் ரெக்கார்ட் உதவி எண் 1800 723 471. ஆங்கிலம் தடையாக இருந்தால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450-இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் செலவு மெடிகேரில் வராது என்பதையும் பில் வந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று இப்போதே பார்த்து, வேண்டுமானால் சந்தா கட்டிவிடுங்கள்.

டாக்டரோ மருந்துக்கடைக்காரரோ ஒவ்வாமை உண்டா என்று கேட்டால், "ரெக்கார்டில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். நூறாவது முறையாக இருந்தாலும் சொல்லுங்கள்.

தம்பியிடம் சொல்லி, ஊரிலிருந்து அந்த மஞ்சப்பையைக் கூரியரில் வரவழைத்தோம். நோட்டின் முதல் பக்கத்தைப் புதிய டாக்டரிடம் காட்டினேன். தமிழ் தெரியாத அவர் அந்த இரண்டு சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று அம்மாவிடமே கேட்டார். "பென்சிலின். நோ" என்றார் அம்மா.