லினக்ஸில் ரெய்டு 1-ஐ ரெய்டு 5 ஆக மாற்றுவது எப்படி?

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக (அரே) ஆக்குவது. ரெய்டு 1-இல் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரே தரவின் நகல் இருக்கும். அதனால் இரண்டு 4 டிபி டிஸ்க்குகளைப் போட்டால் கிடைப்பது 4 டிபிதான். இடம் போதவில்லை என்று மூன்றாவது டிஸ்க் வாங்கினால், அரேயைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவி, அரே ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை 8 டிபி ரெய்டு 5 ஆக்கிவிடும். ரெய்டு 5 தரவைப் பல டிஸ்க்குகளில் பரப்பி, ஒரு டிஸ்க் பழுதானால் மீட்க உதவும் பாரிட்டியையும் சேர்த்து வைக்கும்.

முதல் வேலை காப்புப் பிரதி. வேறு டிஸ்க்கில் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். ரெய்டு ஒரு டிஸ்க்கின் பழுதைத் தாங்கும். தவறாக அடித்த கட்டளையைத் தாங்காது. தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் எம்டிஏடிஎம்மின் ‘டீடெயில்’ தேர்வில் அரேயின் நிலையைப் பாருங்கள். சரியாக இரண்டு டிஸ்க்குகள், இரண்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

இப்போது ‘குரோ’ தேர்வுடன் ‘லெவல்’ மதிப்பை 5 என்று கொடுங்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இரண்டே டிஸ்க்கில் ரெய்டு 5-ஆ என்று தோன்றும். பாரிட்டி என்பது மற்ற டிஸ்க்குகளில் உள்ள பிட்டுகளை எக்ஸ்ஆர் (1-கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் 1, இல்லையென்றால் 0 தரும் கணக்கு) செய்தால் வருவது. அந்த மற்ற டிஸ்க் ஒன்றே ஒன்று என்றால் விடையும் அதே பிட்டுதான். அதாவது ரெய்டு 1-இல் இருக்கும் நகலே பாரிட்டியாகவும் பொருந்திவிடுகிறது. ஒரு பைட்டைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிட்மேப்பை (எந்தப் பகுதிகள் இன்னும் ஒத்திசைக்கப்படவில்லை என்ற குறிப்பை) நீக்கச் சொல்லிப் பிழை வந்தால், ‘பிட்மேப்’ மதிப்பை ‘நன்’ என்று கொடுத்துவிட்டுத் தொடருங்கள். வேலை முடிந்ததும் ‘இன்டர்னல்’ என்று திரும்பச் சேர்க்கலாம்.

சரி, புது டிஸ்க்குக்கு வருவோம். அதன் பார்ட்டிஷன் பழையவற்றைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. ‘ஆட்’ தேர்வில் சேர்த்தால் அது ஸ்பேராக (உபரி டிஸ்க்காக) உட்காரும். அடுத்து ‘குரோ’வுடன் ‘ரெய்டு டிவைசஸ்’ மதிப்பை 3 ஆக்குங்கள்.

நேரம் பிடிப்பது இங்கேதான். தரவு முழுவதும் மூன்று டிஸ்க்குகளிலும் பரவலாக எழுதப்படுவதால் பல மணி நேரம் ஆகும், நாள் கணக்கிலும் போகலாம். ‘புராக்’ அடைவில் உள்ள ‘எம்டிஸ்டாட்’ கோப்பில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரியும். நடுவில் கணினியை அணைத்து ஏற்றினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் வேண்டுமென்றே அணைக்காதீர்கள்.

முடிந்த பிறகும் கோப்பு முறைமை பழைய 4 டிபியைத்தான் காட்டும். இஎக்ஸ்டி4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ்’ ஓட்டுங்கள். எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்பில் பழைய லெவலோ டிஸ்க் எண்ணிக்கையோ எழுதியிருந்தால், மறுமுறை பூட் செய்வதற்கு முன் திருத்திவிடுங்கள்.