கண் பரிசோதனைக் கடிதம் வீட்டுக்கு வந்த பிறகு

சிங்கப்பூரில் பிள்ளைகளின் பார்வையைப் பரிசோதிக்க வசதியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேசிய கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் 2001ஆம் ஆண்டிலிருந்து நடைபெறுகிறது. பாலர் பள்ளியிலும் தொடக்கப்பள்ளியிலும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குழுவினர் வந்து கண்களைச் சோதிக்கிறார்கள். பார்வையில் குறை தெரிந்தால், மேல் பரிசோதனைக்குப் போகச் சொல்லிப் பிள்ளையிடம் கடிதம் கொடுத்தனுப்புவார்கள். பிள்ளைகள் தவறிப்போவது பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட நாள்களில்தான். என் மகனின் கடிதம் மூன்று வாரங்கள் புத்தகப்பையின் அடியில், கசங்கிய வண்ணத்தாள்களுடன் கிடந்தது. ஆகவே, பரிசோதனை நடக்கும் வாரத்தில் நீங்களே பையைத் திறந்து பாருங்கள். பகலில் பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்றால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.

தொடக்கநிலை 6ஐ எட்டும்போது ஏறத்தாழ 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை இருப்பதாக வாரியம் கூறிவந்துள்ளது. அதனாலேயே, "எல்லாப் பிள்ளையும் கண்ணாடிதானே போடுகிறது" என்று நம்மில் பலர் கடிதத்தைத் தள்ளிப்போட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கடிதத்தின் பின்னால் கிட்டப்பார்வை மட்டுமல்லாமல் சோம்பல் கண்ணும், அதாவது மூளை ஒரு கண்ணின் பார்வையைச் சரியாகப் பயன்படுத்தாத குறையும், இருக்கலாம். ஒரு கண் நன்றாகத் தெரியும் பிள்ளை, மற்றொரு கண் மங்கலாக இருப்பதை ஒருபோதும் சொல்லாது, ஏனெனில் அதற்கே அது தெரியாது. ஏழு, எட்டு வயதுக்குள் சிகிச்சையைத் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். அதன் பின் பலன் குறைந்துகொண்டே போகும்.

வீட்டில் நீங்களே ஒரு முறை கவனிக்கலாம். கைக்குட்டையை நான்காக மடித்து ஒரு கண்ணை முழுவதும் மறைத்து, தூரத்திலுள்ள நாள்காட்டியின் எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். வெறும் கையால் மூடச் சொன்னால் பிள்ளை விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும். நல்ல கண்ணை மறைக்கும்போது மட்டும் பிள்ளை முகத்தைத் திருப்பினாலோ அழுதாலோ, அதை அடமென்று எண்ணாதீர்கள். இது மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது. மருத்துவரிடம் காட்ட வேண்டுமா என்று அறிய மட்டுமே உதவும்.

பள்ளி தந்த கடிதம் எங்கே போகச் சொல்கிறதோ அங்கேயே முன்பதிவு செய்யுங்கள். கடிதம் இல்லாமல் உங்களுக்கே ஐயம் எழுந்தால், முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) சென்று பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். நேரடியாக மருத்துவமனையின் நிபுணரிடம் போனால் மானியம் கிடைக்காமல் முழுக் கட்டணம் கட்ட நேரிடும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு சென்றால் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையிலோ சிங்கப்பூர் தேசிய கண் நிலையத்திலோ மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். காத்திருப்பு நீளமாக இருந்தால் வேறொருவர் ரத்து செய்த நேரம் கிடைக்குமா என்று தொலைபேசியில் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மருத்துவமனையில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். சிறுவர்களின் கண் தானாகவே இறுகிக் குவிவதால், மருந்தில்லாமல் அளந்தால் கிட்டப்பார்வை உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியலாம். சொட்டு சற்று எரியும் என்று முன்பே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பின்னர் சில மணி நேரம் வெயிலில் கண் கூசும், அருகிலுள்ள எழுத்து மங்கும். தொப்பி எடுத்துச் செல்லுங்கள், மறுநாள் தேர்வு இருந்தால் வேறு நாளை முன்பதிவு செய்யுங்கள்.

கண்ணாடிச் செலவு சுமையாக இருந்தால் வகுப்பாசிரியரிடமோ பள்ளி அலுவலகத்திலோ உதவித் திட்டங்களைப் பற்றிக் கேளுங்கள். கிட்டப்பார்வை வேகமாகக் கூடினால், அந்த வேகத்தைக் குறைக்கும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து தன் பிள்ளைக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. அந்த மருந்து குறித்த முக்கிய ஆய்வுகள் இங்கேயேதான் நடந்தன. நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே பகல் வெளிச்சத்தில் விளையாடுவதும் தேவை. புளோக்கின் கீழ்த்தளத்து நிழலைவிடப் பக்கத்துத் திடல் நல்லது.

கண்ணாடி வந்ததும் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வீட்டில் அணிந்துவிட்டு வகுப்பில் கழற்றிப் பையில் வைக்கும் பிள்ளைகள் அதிகம். பெரும்பாலும் காரணம், மூக்கில் வழுக்கி இறங்கும் சட்டம்தான். கடையில் அதைச் சரிசெய்து தருவார்கள்.